பொட்டு வைத்த காற்றுமானி

சாதாரண ஜனங்களே காற்றையும் நீரையும் அளந்து பார்க்கக் கருவி வாங்கித் தருவதுதான் மாட்டுங்காவிலுள்ள எங்கள் அறக்கட்டளையின் வேலை. தாராவிச் சந்து ஒன்றுக்குச் சோப்புப்பெட்டி அளவில் ஒரு காற்றுமானி கொடுத்திருந்தோம். அதைத் தன் ஜன்னலில் மாட்டியிருந்தவள் ஒரு தையல்காரி. அவள் மகளுக்கு இழுப்பு. பக்கத்துப் பட்டறைகளின் புகை குறைந்திருக்கிறதா என்று அதைப் பார்த்துத்தான் ஜன்னலைத் திறப்பாள். அடுத்த வருடமும் பணம் வருமா என்பது என் அறிக்கையில் இருந்தது.

செம்பூரில் ரயில் ஏறியதும் மொபைலில் அந்தச் சந்தின் காற்றில் எவ்வளவு புகை என்று பார்ப்பேன். பாதித் தூக்கத்தில், ஒரு கோடு ஏறி இறங்குவது யாரோ மூச்சு விடுவது போலவே இருக்கும். ஆயுதபூஜைக்கு மறுநாள் அந்தக் கோடு படுத்துக் கிடந்தது. முந்தின நாள் காலையிலிருந்தே பூஜ்யம். பட்டறைகளுக்கு விடுமுறை அல்லவா! சுனாபட்டி ஸ்டேஷன் வருவதற்குள் வானமே கழுவி விட்டது போல் எனக்குத் தெரிந்தது. தலைகால் புரியாமல் ஆபீஸ் போய், பட்டறைகள் நின்றால் காற்று சுத்தமாகிவிடுகிறது என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலாளருக்கும் ஏகச் சந்தோஷம்.

சாயங்காலம் தையல்காரியிடம் சொல்லப் போனேன். காற்றுமானிக்கு மாலை போட்டிருந்தது. காற்று நுழையும் துளைகளில் சந்தனம் காய்ந்து அடைத்திருக்க, மேலே பெரிய குங்குமப் பொட்டு.

"தையல் மிசினுக்கு வச்சிட்டு இதுக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்க்கா?" என்றாள்.

கோபம் சுள்ளென்று வந்தது, என் மேல்தான். என் லேப்டாப்புக்கும் நான் பொட்டு வைத்திருந்தேன்.

"நேத்து பூரா ஜன்னலத் தொறந்து போட்டேம்க்கா. பிள்ள இழுப்பே இல்லாம உறங்குனா. காத்து நெசமாவே நல்லாத்தான இருந்திச்சு?"

இருந்திருக்கலாம். அளக்க வேண்டிய அந்த ஒரே நாளில் கருவியின் மூக்கை அடைத்துவிட்டோம். உண்மையைச் சொன்னேன். அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பணம் நின்றது. கருவியையும் கழற்றி வரச் சொன்னார்கள். நானே போய்க் கழற்றினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஹோலியன்று அவள் போன் செய்தாள்.

"இன்னைக்கு பட்டறை எல்லாம் சுட்டிக்கா, லீவு விட்டுட்டாங்க. ஜன்னலத் தொறக்கட்டுமா?"

"தெரியலையேம்மா" என்றேன்.