குற்றாலம் சாலையில் இருபத்தொரு நிமிடங்கள்

என் காரின் ஸ்டீயரிங்கில், இடது கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில், போனை எடுக்கும் பொத்தான் இருக்கிறது. நான்கு வருடங்களுக்கு முன்பு அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டினேன்.

அன்று குற்றாலம் சாலையில் என் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில்தான் இருந்தன. வேகம் முப்பதுக்குள். கார் ஸ்பீக்கரில் அலுவலக மேலாளர் ஒரு கடிதத்தைத் திருத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். தலை நிறைய எண்ணெயோடு அருவிக்குப் போன ஒருவர் குறுக்கே வந்தார். பார்த்தேன், ஆனால் மனதில் ஏறவில்லை. பிரேக் பிடித்தபோது பம்பர் அவர் வேட்டியைத் தொட்டிருந்தது. அவர் திட்டவில்லை. குனிந்து, "கண்ணு ரோட்டுலதான் இருக்கு. ஆளு எங்க இருக்கீய அண்ணாச்சி?" என்றார்.

கையில் போன் இல்லாவிட்டாலும் பேச்சு பேச்சுதான். ஓரங்கட்டி, வண்டியை அணைத்த பிறகே பேசுவது என்று நாட்குறிப்பில் எழுதினேன். மீறியதில்லை.

பிறகு மனைவியின் சிறுநீரகங்கள் கெட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்தோம். கிடைத்தால் அழைப்போம், எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்தவரை அழைத்துவிடுவோம் என்று மருத்துவமனையில் தெளிவாகச் சொன்னார்கள். என் எண்ணையும் அவள் எண்ணையும் கொடுத்தோம். இரண்டு வருடம் குளிக்கப் போனாலும் போனைக் கொண்டுபோனேன். காரில் இருக்கும்போது அழைப்பு வந்தால் அரை நிமிடத்தில் ஓரங்கட்டிவிடலாம் என்று கணக்கிட்டிருந்தேன். குற்றால சீசன் கூட்டத்தை நினைக்கவில்லை.

சீசன் வந்தால் தென்காசி வீடுகளுக்கு உறவினர் வருவார்கள். அவர்களை அருவிக்குக் கொண்டுவிடுவது வீட்டுக்காரர் வேலை. போன ஆடியில் ஒரு சனிக்கிழமை அப்படி விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினேன். காலையில் டயாலிசிஸ் முடித்து வந்த மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். நன்றாகத் தூங்கட்டும் என்று அவள் போனைச் சத்தமில்லாமல் வைத்தது நான்தான்.

12.10க்கு மணி அடித்தது. திரையில் மருத்துவமனையின் பெயர். ஓரமெல்லாம் தடுப்புகளும் வேன்களும். இருந்த சிறு இடைவெளியில் ஒதுங்கினேன். போலீஸ்காரர் பானட்டைத் தட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் என்றேன்.

"நிக்கிறவன் எல்லாரும் அதத்தான் சொல்லுதான். வண்டிய எடுங்க அண்ணாச்சி, பின்னால பூரா அடைச்சிட்டு."

வண்டியை எடுத்தேன். வண்டிகள் ஊர்ந்தன. கட்டைவிரல் பிளாஸ்திரியின்மேல் இருந்தது. முன்னால் ஈரத் துண்டோடு பிள்ளைகள் கடந்துகொண்டே இருந்தார்கள். அழுத்தவில்லை. நடுச்சாலையிலேயே அணைத்துவிட்டு இறங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. மூன்று முறை அடித்து ஓய்ந்தது. பழக்கடை ஒன்றின் அருகே நிறுத்தி, மருத்துவமனைக்குத் திரும்ப அழைத்தபோது 12.31.

இரண்டு எண்ணிலும் யாரும் எடுக்கவில்லை, பட்டியலில் அடுத்தவர் கிளம்பிவிட்டார் என்று போனை எடுத்த பெண் சொன்னாள். வருத்தமாகத்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். எழுந்து உட்கார்ந்து கேட்டாள்.

"யாரையும் இடிச்சிரலயே?"

இல்லை என்றேன்.

"நிறுத்தாம எடுக்க மாட்டீயன்னு எனக்குத் தெரியும்லா," என்றாள். அது ஆறுதலா குறையா என்று நான் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, அருவிக்குப் போனவர்களை யார் கூட்டி வருவது என்று கேட்டாள். நான்தான் போனேன்.

தை மாதம் பரிசோதித்த மருத்துவர், இனி அவள் இதயம் அறுவைச் சிகிச்சையைத் தாங்காது என்றார். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். செவ்வாய், வியாழன், சனி, காலை 5.40க்கு அவளை ஏற்றிக்கொண்டு போகிறேன். இன்னும் எத்தனை மாதம் என்று அவளும் கேட்பதில்லை, நானும் மருத்துவரிடம் கேட்கவில்லை.