போல்ட் கழலும் சத்தம்

படப்பை ஒர்க்‌ஷாப்பில் என் பழைய வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக், "எல்லாம் கழண்டுச்சு சார், இந்த ஒரு போல்ட்டுதான் பேஜார் பண்ணுது" என்றார். டிஃபரென்ஷியலிலிருந்து ஒழுகிய ஆயிலின் கந்தக நெடி மூக்கில் ஏறியது. அத்தா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பாவின் சட்டையில் எப்போதும் இருந்த நெடி.

பீர்க்கன்கரணையில் எங்கள் வாசலிலேயே அத்தா வேன் ரிப்பேர் பார்ப்பார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்ததும், பாதியில் விட்ட வேலையை முடிக்க மறுபடி அடியில் போய்விடுவார். அன்றைக்கு மட்டும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே தட்டு. அவர் வராமல் யாரும் சோற்றில் கைவைக்க முடியாது. துருப்பிடித்த போல்ட் மாட்டிக்கொண்டால் எங்கள் வயிறு காயும். ஸ்பேனரில் பைப்பைச் செருகி அவர் இழுக்க, கடைசியில் 'டக்'கென்று விடும். நானும் தங்கையும் வீட்டுக்குள்ளேயிருந்து கைதட்டுவோம்.

"இன்னா அவசரம்? வந்துகினே கீறேன்" என்று குரல் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. பெரிய போல்ட் போலிருக்கிறது என்று பலமாகக் கைதட்டினோம். அம்மா தட்டில் சோற்றைக் கொட்டிவிட்டாள். குரல் வரவில்லை. நாங்கள் இன்னும் பலமாகத் தட்டினோம்.

நழுவியது போல்ட் இல்லை, அத்தாவுக்கு மேலே வேனைத் தாங்கியிருந்த ஜாக்கி.

இப்போது என் வேனுக்கு அடியில் 'டக்'கென்றது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் விளையாட்டாகக் கைதட்டினார்.

"தட்டாதீங்க சார்!" என்று கத்திவிட்டு வேனுக்கு அடியில் குனிந்தேன்.

"அண்ணா, ஏதாவது பேசுங்க."