கையுறைக்குள் இருந்த கை

டயாலிசிஸ் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். என் கணவருக்குக் குளிர் எடுத்தது. இரண்டு போர்வை போட்டும் கட்டில் கடகடவென்று ஆடியது. இருபது வருடமாகச் செவிலியராக இருக்கும் எனக்கு அது என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி இரத்தத்துக்குள் போய்விட்டது.

அவர் பெயர் சேவியர். நொச்சிக்குப்பத்திலிருந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். சர்க்கரையால் சிறுநீரகங்கள் பழுதாகி, ஒரு மாதமாக மயிலாப்பூரில் ஒரு மருத்துவமனையில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் (இரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்வது). கையில் ஃபிஸ்டுலா (இரண்டு இரத்தக் குழாய்களை இணைக்கும் சிறு அறுவை) செய்திருந்தார்கள். அது தயாராகும்வரை கழுத்தில் தற்காலிகக் குழாய்.

குற்றவாளியை நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன். டெக்னீஷியன்தான். போன முறை அவர் பக்கத்துக் கட்டில் கம்பியைப் பிடித்த அதே கையுறையோடு எங்கள் குழாயைத் தொட்டதைப் பார்த்திருந்தேன். அப்போதே ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? குழாயை இயந்திரத்தில் மாட்டுகிறவரைப் பகைத்துக்கொள்ளப் பயம். உங்களுக்கும் இருக்கும்.

அன்று வார்டே அதிரும்படி கத்தினேன். கோபம் வந்தால்தான் என் குப்பத்துப் பேச்சு வெளியே வரும்.

"நீங்களே ஒரு சிஸ்டர். இப்படிப் பேசலாமா?" என்றார் டெக்னீஷியன்.

"சிஸ்டரா கீறதாலதான்பா கேக்கறேன்! கைய கழுவுனியா நீ?"

கழுத்துக் குழாயை எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். அந்த நாட்களில் நான் உட்காரவே இல்லை. கட்டிலின் கால்மாட்டில் கிருமிநாசினி பாட்டிலோடு நின்று, வருகிற ஒவ்வொருவர் கையையும் முறைத்தேன். பெரிய டாக்டரையும் விடவில்லை. எனக்கு ஏதோ பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

மூன்றாம் நாள் சிறுநீரக மருத்துவர் கல்ச்சர் (இரத்தத்தில் எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்க்கும் சோதனை) முடிவோடு வந்தார். "எல்லார் தோல்லயும் இருக்கிற கிருமிதான். யார் கையிலேர்ந்தும் வந்திருக்கலாம், அவர் உடம்புலேர்ந்தே கூட வந்திருக்கலாம். வீட்ல டிரெஸ்ஸிங்கைப் பிரிச்சீங்களா, சிஸ்டர்?"

"இல்ல டாக்டர்" என்றேன்.

பிரித்திருந்தேன். குளிர் எடுத்ததற்கு முந்தைய ஞாயிறு, மாதா கோவில் பூசை முடிந்து வந்ததும், வியர்வையில் பிளாஸ்திரி ஓரம் கிளம்பியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார் கணவர். இதற்கெல்லாமா, நான் எதற்கு இருக்கிறேன் என்று கேட்டேன். ஆட்டோவில் வந்த கையைக் கழுவாமலே பெட்டியிலிருந்து கையுறையை உருவி மாட்டினேன். மாட்டும்போதே அதன் வெளிப்பக்கமெல்லாம் என் விரல் பட்டிருக்கும். கையுறை இருந்தால் கழுவ வேண்டாம் என்ற நினைப்பு எங்கள் தொழிலில் பலருக்கு உண்டு. பயிற்சிக்கு வரும் பெண்களை இதற்காக நானே வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன்.

யார் கை? டெக்னீஷியன் கையா, என் கையா? இது ஒருநாளும் தெரியப்போவதில்லை. ஐந்தாம் நாள் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டு, "இனிமே பிரிஞ்சா நேரா இங்க வந்துடுங்க" என்றார். டெக்னீஷியனிடம் மன்னிப்புக் கேட்டேன். தானும் கையுறையை மாற்றியிருக்க வேண்டும் என்றார். அதுவும் நிஜம்.

கணவரிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. காய்ச்சல் விட்டு, அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"தெரியும். நீ கழுவல. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றார்.

"அப்ப இன்னாத்துக்கு வாய மூடிக்கினு இருந்த?"

"நீ நர்ஸு. உன்னாண்ட நான் இன்னா சொல்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. டெக்னீஷியனிடம் நான் பயந்த அதே பயம், என் வீட்டில் என்னைப் பார்த்தே ஒருவருக்கு இருந்திருக்கிறது.

கை கழுவினார்களா என்று கேளுங்கள் என இதைப் படிப்பவர்களிடம் சொல்வது சுலபம். அவரைக் கேட்க வைக்கத்தான் எனக்குப் பல நாள் ஆனது. இப்போது கேட்கிறார். காய்ச்சல் விட்டபின் கழுத்தில் புதிதாகப் போட்ட குழாயையும் எடுத்தாகிவிட்டது. ஃபிஸ்டுலா வேலை செய்கிறது. காபி கொண்டுபோனாலும், "கழுவுனியா?" என்கிறார். முதலில் சுருக்கென்றிருக்கும். பிறகு போய்க் கழுவுகிறேன். இருபது வருடமாக அந்த அரை நிமிடத்துக்கு எனக்கு நேரம் கிடைத்ததில்லை. இப்போது ஈரக் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, அவரைத் தொடாமல், அவை காயக் காத்து நிற்கிறேன்.