பூங்காவுக்கு ஏலம் போன பூசினிக்காய்

வவுனியாவிலிருந்து பூவரசங்குளம் போகும் றோட்டில் இருந்த ஒரு குடியேற்றக் கிராமத்துக்கு என்னை மருத்துவிச்சியாக அனுப்பினார்கள். அறுபதுகளின் தொடக்கம். எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர்களுக்கு நடுவே வளர்ந்தவள் நான். இங்கே இருந்தவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி வயல் செய்தவர்கள். வந்த முதல் கிழமையே, "மிஸ்ஸி, இங்க கடல் மீன் கிடையாது. குளத்து மீன் தின்னப் பழகுங்கோ" என்று அனுதாபத்தோடு சொன்னார்கள். பழகிக்கொண்டேன்.

கிளினிக் நடத்தக் கட்டடம் இல்லை. குளக்கட்டுக்குக் கீழே இரண்டு பெரிய மருதமரங்களோடு கிராமச்சங்கத்தின் நிலம் ஒன்று கிடந்தது. 'பொதுப் பூங்கா' என்று அதில் பலகை நட்டிருந்தார்கள். அந்தப் பலகையைத் தவிர, பூங்கா என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. எருமைகள் முதுகு தேய்த்துத் தேய்த்துப் பலகையிலும் பாதி எழுத்து போயிருந்தது. கிழமைக்கு ஒருநாள் மருதங்கிளையில் தராசைக் கட்டித் தொங்கவிட்டுப் பிள்ளைகளை நிறுப்பேன். தாய்மார் வேரில் குந்தியிருப்பார்கள். மழை வந்தால் எல்லாரும் தராசையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

ஒரு மாரிமழையில் அப்படி ஓடி, சேற்றில் சறுக்கி விழுந்து எழும்பிய கோபத்தோடு நேரே சங்கத்துச் சேர்மன் வீட்டுக்குப் போனேன். அவர் நல்ல மனுசன், பெரிய வயல்காரர். என் சீலையில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்ததும் உட்காரக் கதிரை தரலாமா என்று யோசித்தார். பிறகு தந்தார்.

"சேர்மன் ஐயா, அந்தப் பூங்காவில ஒரு கொட்டில் போட்டுத் தாங்கோ. பிள்ளையளுக்கு ஒரு ஊஞ்சலும் வேணும். ஊசி போட வரமாட்டம் எண்டு அழுகிறதுகள் ஊஞ்சல் எண்டால் ஓடி வருங்கள்."

"பூங்காவைத் திருத்த எனக்கும் விருப்பந்தான் மிஸ்ஸி. வாசலில ஒரு வளைவு கட்டவேணும் எண்டு கனகாலமா நினைச்சிருக்கிறன். சங்கத்துக் காசு கம்பி வேலிக்குத்தான் காணும்."

"வளைவுக்குக் கீழ நிண்டால் மழை படாதோ?"

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நான் எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். எங்கள் கோயில் திருநாளுக்கு ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து வைப்பார்கள். வலையில் பட்ட பெரிய மீன், சேவல், வாழைக்குலை, எதுவானாலும் சரி. எல்லாவற்றையும் ஏலம் விட்டுத்தான் கோயிலுக்கு ஓடு போட்டார்கள். இங்கேயும் அறுவடை முடிய அப்படிச் செய்தால் என்ன?

"சாமிக்கெண்டால் குடுப்பினம். ஊஞ்சலுக்கு ஆர் குடுப்பினம்?" என்றார் அவர்.

"கேட்டுப் பாப்பம்" என்றேன்.

கேட்பது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. மருத்துவிச்சி போகாத வீடு கிராமத்தில் இல்லையே. சைக்கிளில் போய், பிள்ளைக்குத் தொப்புள் பார்த்து முடித்த கையோடு, "ஏலத்துக்கு என்ன தாறியள்?" என்று கேட்பேன். எள்ளு, உழுந்து, தேன் போத்தல், பன்பாய் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

ஒரு நாள் அடுத்தடுத்த வளவில் இருந்த அக்காவும் தங்கச்சியுமாக என்னிடம் வந்தார்கள். அவர்களுடைய புருசன்மார், அதாவது சகலன்மார் இரண்டு பேரும், ஒரு பூசினிக்காயால் கதைபேச்சில்லாமல் இருந்தார்கள். கொடியை நட்டது மூத்தவர். அது வேலி தாண்டிப் போய்க் காய்த்தது இளையவருடைய வளவில். கொடி என்னுடையது என்றார் ஒருவர். காய் கிடக்கிற நிலம் என்னுடையது என்றார் மற்றவர். இதற்கிடையில் காய் தன்பாட்டுக்குப் பெருத்துக்கொண்டே போனது.

"சனியன் ஏலத்துக்கே போகட்டும் மிஸ்ஸி" என்றா அக்கா. "ஊஞ்சலுக்குக் குடுத்த காயை இனி ஆரும் கேக்கேலாது."

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஏலத்தன்று பூங்கா முழுக்கச் சனம். ஏலம் கூற வவுனியா பஸ்ஸில் வேலை செய்த கண்டக்டரைப் பிடித்திருந்தோம். அவருடைய குரல் குளத்தின் அக்கரைக்கும் கேட்கும். எள்ளும் தேனும் நல்ல விலைக்குப் போயின. பிறகு இரண்டு பேர் சுமந்து வந்து பூசினிக்காயை மேசையில் வைத்தார்கள்.

முதலில் கேட்டவர் மூத்த சகலன். கண்டக்டர் அதைக் கூவி முடிக்க முன்னம், மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து இளையவர் கூட்டிக் கேட்டார். மூத்தவர் இன்னும் கூட்டினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் பூசினிக்காயையே பார்த்துக்கொண்டு கேட்டார்கள். வேறு யாரும் விலை கேட்கவில்லை. ஒரு காளைக்கன்று வாங்குகிற விலையைத் தாண்டியபோது சனம் சிரிப்பதை நிறுத்திவிட்டது. ஊஞ்சல் கட்டப் போய் இரண்டு குடும்பத்தைக் கெடுக்கப் போகிறேனே என்று சேர்மனைப் பார்த்தேன். அவர் குளத்தைப் பார்த்தார்.

அப்போது அக்கா எழும்பி மேசைக்கு வந்தா. கையில் தேங்காய் வெட்டுகிற கத்தி. கண்டக்டர் ஒரு அடி பின்னால் போனார். பூசினிக்காயை நடுவால் ஒரே வெட்டு.

"தம்பி, இப்ப இரண்டு காய் இருக்கு" என்று கண்டக்டருக்குச் சொன்னா. "ரண்டு பேரும் கடைசியாக் கேட்ட விலைக்கு ஆளுக்கொண்டு குடுங்கோ. வாயால கேட்டவை காசைக் கட்டத்தானே வேணும்."

முதலில் சிரித்தது இளைய சகலன்தான். "அக்கா, விதை கூடின பாதியை எனக்குத் தாங்கோ. அடுத்த முறை என்ர வளவிலையே நடுறன்" என்றார். மூத்தவர் மீசையைத் தடவினார். "நடு, நடு. கொடி என்ர பக்கம் வரட்டும், அப்ப பாப்பம்" என்றார். ஒரு போகம் முழுக்கப் பேசாதிருந்தவர்கள் பேசிய முதல் கதை அது. இரண்டு குசினியிலும் அன்று பூசினிக்காய்க் கறிதான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சேர்ந்த காசுக்குக் கொட்டில் வந்தது. பாலைமரக் கப்பு நட்டு, வவுனியாவில் சங்கிலி வாங்கி ஊஞ்சலும் போட்டோம். வேலிக்கு ஆள் ஏறி இறங்குகிற கடப்பு வைத்தால் எருமை வராது என்று சங்கத்தில் சொன்னார்கள். "வயித்துப் பிள்ளைக்காரியள் எப்பிடி ஏறுறது?" என்று நான் கேட்டதும் திறந்து மூடுகிற படலை வைத்தார்கள். மிஞ்சியதில் சேர்மன் வளைவைத் தொடங்கினார். இரண்டு தூண் எழும்பியதோடு காசு முடிந்துபோனது. மேலே ஒன்றும் இல்லாமலே அந்தத் தூண்கள் நின்றன. ஊரார் அதையும் வளைவு என்றே சொன்னார்கள்.

நான் நினைக்காத ஒன்று அதற்குப் பிறகுதான் நடந்தது. ஒரு கிளினிக் நாள் பிள்ளைகள் எல்லாரையும் நிறுத்து முடித்துவிட்டுத் திரும்பினேன். ஊஞ்சலில் ஒரு தாய் இருந்து ஆடிக்கொண்டிருந்தா. அவாவின் பிள்ளை கீழே நின்று தன் முறைக்கு அழுதது. அடுத்த கிழமை ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். பிறகு கிளினிக் இல்லாத நாளிலும் வரத் தொடங்கினார்கள். வயலில் நாற்று நட்டுவிட்டுக் கால் சேற்றோடு வந்து, சீலையைச் சொருகிக்கொண்டு மருதங்கிளையை எட்டி உதைப்பார்கள். குளக்கட்டில் போகிற ஆம்பிளைகள் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள்.

இது சங்கக் கூட்டத்துக்கு வந்துவிட்டது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"பின்னேரம் வீட்டில தேத்தண்ணி இல்லை" என்று ஒரு அங்கத்தவர் எழும்பிச் சொன்னார். "பூங்கா பிள்ளையளுக்கெண்டுதானே கட்டினது?"

"பலகையில பொது எண்டெல்லோ கிடக்கு" என்றேன்.

"அப்ப பிள்ளையள் எங்க ஆடுறது?"

கேள்வி நியாயமானது. சேர்மன் நெடுநேரம் வெற்றிலை சப்பினார். கடைசியில், "பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு பிள்ளையள். பொழுதுபடுகிற நேரம் பொம்பிளையள். சங்கிலிக்கு எண்ணெய் விடுறது சங்கம்" என்று தீர்த்தார். "தேத்தண்ணியை அவரவர் போட்டுக் குடியுங்கோ. தண்ணி கொதிக்கவைக்கத் தெரியாத ஆள் இங்க ஆரும் இருக்கிறியளோ?"

யாரும் கை உயர்த்தவில்லை.

அடுத்த நாள் பொழுதுபடுகிற நேரம் முதலாவதாக வந்தது சேர்மனின் மனுசி. நல்ல உடம்புக்காரி. ஊஞ்சல் பலகை தாங்குமோ என்று நான் பயந்துகொண்டு சங்கிலியைப் பிடித்தேன். "விடுங்கோ மிஸ்ஸி, நான் ஆடுறன்" என்று சொல்லிவிட்டு அவா காலை ஊன்றி உந்தினா. பாலைக் கப்பு இரண்டும் முனகின, ஆனால் அசையவில்லை. சேர்மன் அந்த நேரம் பார்த்துக் குளக்கட்டால் சைக்கிளில் வந்தார். எங்களைக் கண்டு மணி அடிக்கக் கையைக் கொண்டுபோனவர், அடிக்காமலே மெதுவாகப் போய்விட்டார்.