ஆப்பின் கணக்கில் என் குசினி காடு

எங்கள் ஒழுங்கையில் தெருவிளக்கு எரியாமல் விட்டு மாதக்கணக்காகிறது. யானைப் பயத்தில் ஆறு மணிக்கே கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே கிடக்கிறோம்.

முறைப்பாட்டை அரசாங்கத்தின் புதிய ஃபோன் ஆப்பில்தான் போட வேண்டுமாம். ஒரு கிழமையாகப் போடுகிறேன். "இது வனப்பகுதி, ஏற்க முடியாது" என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்புகிறது.

இன்று கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு, நெடுங்கேணியில் பஸ் ஏறி முறைப்பாட்டு அலுவலகத்துக்கே போனேன். கம்பியூட்டருக்கு முன்னால் இருந்த உத்தியோகத்தர் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"இப்ப கடிதம் எடுக்கிறேல்ல அக்கா. நீங்கள் காட்டுக்க நிண்டெல்லோ அனுப்பியிருக்கிறியள்?"

"குசினிக்க, அடுப்படியில நிண்டுதான் அனுப்பினனான்."

"வரைபடத்தில அது காடு. கிட்டடியில பச்சை இல்லாத இடமாப் பார்த்துப் புள்ளியை வையுங்கோ."

ஃபோனை எடுத்துப் பார்த்தேன். வீடு, வயல், பள்ளிக்கூடம் எல்லாம் பச்சை. கிட்டடியில் வெள்ளையாக இருந்தது பிணம் எரிக்கிற சுடலை மட்டும்தான்.

வேறு வழியில்லாமல் புள்ளியை அங்கேயே வைத்தேன். உடனே ஏற்றுக்கொண்டது. "நன்றி. மூன்று நாளில் உங்கள் விளக்கு எரியும்."

இப்போது ஆறு மணி. கேட்டைப் பூட்டியாயிற்று.

சுடலைக்கு லைட் வந்ததும் ஆராவது ஒரு படம் எடுத்துப் போடுங்கோ. நான் போய்ப் பார்க்க ஏலாது. ஒழுங்கை இருட்டு.