வரவுப் புத்தகத்தைப் பார்த்து வாக்கெடுத்த நாள்

சபைக் கூட்டம் தேநீருக்காகக் கலைந்திருந்த அந்த இருபது நிமிடத்தில்தான் என் தவறு எனக்குத் தெரிந்தது. மேசையில் இரண்டு புத்தகங்கள் கிடந்தன. ஒன்று, உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல். மற்றது, காலையில் வந்தவர் வந்த வரிசையில் கையெழுத்து வைத்த வரவுப் புத்தகம். பெயர் கூப்பிட்டு வாக்கெடுத்தால் பட்டியலைத்தான் வாசிக்க வேண்டும். எங்கள் சபையின் விதி அது. நான் வாசித்தது வரவுப் புத்தகத்தை. முப்பத்திரண்டு வருடம் சேவை செய்துவிட்டு, பென்ஷனுக்கு நாலு மாதம் இருக்கும்போது இப்படி ஒரு கோமாளித்தனம்.

மாத்தளை மாவட்டத்தில் உள்ள ஒரு பிரதேச சபை. எது என்று சொல்லமாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். அங்கே கூட்டறிக்கை எழுதுவது என் வேலை. யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், யார் யாரை என்ன சொன்னார், பிறகு எதை வாபஸ் வாங்கினார் என்று எல்லாமே என் பேனாவின் கீழேதான் போகும். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒரு அனுபவம் எழுதச் சொன்னார்கள். பெருமையான சம்பவம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை, இதுதான் வந்தது.

1. குப்பைக்கு ஒரு மலை

அன்றைய பிரேரணை சபையின் தலைவரான தவிசாளருடையது. பஜார் குப்பையைக் கொட்டிக்கொண்டிருந்த காணியின் சொந்தக்காரர் கேட்டைப் பூட்டிவிட்டார். குப்பை வாரச் சந்தைக்குப் பின்னால் குவிந்தது. தேயிலைத் தோட்டமொன்றில் நாலாம் நம்பர் மலை காடாகிக் கிடக்கிறது, கம்பனி கொடுக்கச் சம்மதம், அங்கே கொட்டலாம் என்பது பிரேரணை.

அந்த மலைக்கு நேர் கீழேதான் ஒரு பாறையிலிருந்து ஊற்று வருகிறது. குழாய் போட்டு, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் பீலியில் விழ வைத்திருக்கிறார்கள். கீழ்ப் பிரிவில் நாற்பது குடும்பத்துக்குக் குடிக்க, குளிக்க, சமைக்க அந்த ஒரே பீலிதான்.

தோட்டத்துக்கான உறுப்பினர் தனலெட்சுமி. பதினைந்து வருடம் கொழுந்து எடுத்தவர், சபைக்கு இதுதான் முதல் தடவை. பார்வையாளர் வாங்கில் ஆறு பெண்களைக் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார். ஆறு பேரும் அன்றைக்கு வேலைக்குப் போகாமல், ஒரு நாள் பேரையும் அதற்கான சம்பளத்தையும் விட்டுவிட்டு வந்தவர்கள்.

மொழிபெயர்ப்பாளர் பதவி எங்கள் சபையில் நான் அறிய நிரம்பியதே இல்லை. ஆகவே தனலெட்சுமி மூன்று வசனம் பேசுவார், என்னைப் பார்ப்பார். நான் சிங்களத்தில் சொல்லிவிட்டு மறுபடி எழுத வேண்டும். அன்றைக்கு அவர் நிறையப் பேசவில்லை. பீஎச்ஐ என்று நாங்கள் சொல்லும் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கையில் “நீரூற்று எதுவும் அவதானிக்கப்படவில்லை” என்று இருந்தது. பீஎச்ஐ எந்த மாதம் மலைக்கு வந்தார் என்று மட்டும் கேட்டார். தவிசாளர் கண்ணாடியைப் போட்டுத் தேடி, பெப்ரவரி என்றார்.

“மாசியில அது நூல் மாதிரிதாங்க ஒழுகும். கிட்டப் போய் காது வச்சாத்தான் தெரியும். பீஎச்ஐ சேர் ஜீப்ப விட்டு எறங்கினாரான்னு கேளுங்க.”

சிங்களத்தில் சொல்லும்போது கடைசி வசனத்தைக் கொஞ்சம் மிருதுவாக்கினேன். அப்படியும் சபை சிரித்தது.

தவிசாளர் கெட்ட மனிதர் இல்லை. ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், கூட்டத்துக்கு ஒரு நாளும் பிந்தாதவர். சந்தையில் ஈ மொய்க்கிறது, டெங்கு வந்தால் என் சட்டையைத்தான் பிடிப்பீர்கள், வேறு ஒரு இடம் காட்டுங்கள், நாளைக்கே அங்கே போகிறேன் என்றார். யாரும் இடம் காட்டவில்லை. அதையும் நான் எழுதினேன்.

பிறகு தவிசாளரின் கட்சியிலேயே இருந்த திங்கிரிபண்டா என்ற வயல்காரர் எழுந்தார். பீலியில் விழுந்த தண்ணீர் பிறகு எங்கே போகிறது என்று கேட்டார். ஓடைக்கு என்றார் தவிசாளர். அந்த ஓடை என் வயலுக்குத்தான் வருகிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

2. முதலாளியின் அரைக் கை

எங்கள் சபையில் எப்போதும் கை தூக்கித்தான் வாக்கெடுப்பது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. செல்வராஜ் முதலாளி என்று ஒருவர், பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர், ஒரு சின்னக் கட்சியின் பட்டியலில் உள்ளே வந்தவர். ஆதரவு யார் என்று கேட்டதும் அவருடைய கை காது வரைக்கும் வரும். அங்கே நின்று காதைச் சொறியும். சபை முழுக்க ஒரு சுற்றுப் பார்ப்பார். கைகள் அதிகம் தெரிந்தால் மேலே போகும், குறைவாகத் தெரிந்தால் சொறிந்தது போதும் என்று கீழே இறங்கும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். நாங்கள் அலுவலகத்தில் அதற்கு அரைக் கை என்று பெயர் வைத்திருந்தோம்.

தனலெட்சுமிக்கும் இது தெரியும். ஆகவே கை தூக்குவது வேண்டாம், பெயர் கூப்பிடுங்கள், ஒவ்வொருவரும் வாயால் சொல்லட்டும் என்று கேட்டார். விதியில் இடம் இருக்கிறது. ஆனால் என் காலத்தில் ஒருவரும் கேட்டதில்லை. செயலாளர் ஹமீட் சேர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் பதற்றத்தில் கைக்குக் கிடைத்த புத்தகத்தை விரித்தேன்.

முதல் பெயர் செல்வராஜ்.

பட்டியலில் அவர் கடைசி, பதினேழாவது. ஆனால் அன்று காலை கடைக்கு வீதி எல்லைச் சான்றிதழ் எடுப்பதற்காக அலுவலகம் திறக்கும் முன்பே வந்து, முதல் ஆளாகக் கையெழுத்து வைத்திருந்தார். வாசிக்கும்போது இது எனக்கு உறைக்கவே இல்லை.

அவர் எழுந்தார். வலப் பக்கம் பார்த்தார், இடப் பக்கம் பார்த்தார். இன்னும் யாருமே ஒன்றும் சொல்லவில்லை, பார்க்க என்ன இருக்கிறது? பிறகு சொல்கிறேன் என்றார். அப்படி விட முடியாது, ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை, மூன்றில் ஒன்று சொல்லுங்கள் என்றார் ஹமீட் சேர். முதலாளி பார்வையாளர் வாங்கைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். இந்த மனிதருக்குச் சொந்தமாக ஒரு கருத்து இருக்குமா, இருந்தால் அது என்ன என்று அறிய எனக்கு அவ்வளவு ஆவல்.

“எதிர்ப்பு” என்றார்.

மற்றவர்கள் அவரவர் பக்கம் சொன்னார்கள். திங்கிரிபண்டா மட்டும் கட்சியை விட்டு எதிர்ப்பு என்றார். பிரேரணைக்கு ஆதரவு எட்டு, எதிர்ப்பு ஒன்பது. வாங்கில் இருந்த பெண்களுக்கு முடிவு புரிய ஒரு நிமிடம் எடுத்தது. புரிந்ததும் ஒருவர் மற்றவரின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். தவிசாளர் தேநீருக்கு விட்டார்.

3. தேநீர் நேரம்

அறிக்கையில் “பெயர்ப் பட்டியல் வரிசைப்படி” என்று எழுதப் போனபோதுதான், மேசையில் விரிந்து கிடந்தது வரவுப் புத்தகம் என்று கண்டேன்.

என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். முதலில் நினைத்தது, யாருக்கும் தெரியாது, பேசாமல் இரு. இரண்டாவது நினைத்தது, என் பென்ஷன். மூன்றாவதாகத்தான் அந்தப் பெண்கள் வந்தார்கள். சொன்னால் மறுபடி வாக்கெடுப்பார்கள், முதலாளி கடைசிக்குப் போவார், அரைக் கை பழையபடி காதுக்குப் போகும், நாற்பது குடும்பத்தின் தண்ணீர் என் வாயால் போகும். சன்னல் பக்கத்தில் தவிசாளர் கட்சி ஆட்கள் இரண்டு பேர் ரோல்ஸ் தட்டோடு முதலாளியை நடுவில் நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதையும் பார்த்தேன். பொய் எழுதவும் கை வரவில்லை, உண்மையைச் சொல்லவும் கால் எழும்பவில்லை.

கடைசியில் எழும்பிப் போய் ஹமீட் சேரிடம் இரண்டு புத்தகத்தையும் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

“இன்னும் கூட்டம் முடியல்லதானே மிஸ். முடிஞ்சிருந்தாத்தான் கஷ்டம். வாங்க, தவிசாளர்ட்ட ரெண்டு பேருமே போய்ச் சொல்லுவம்.”

தவிசாளர் கேட்டார், தலையாட்டினார், மறு வாக்கெடுப்பு என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் தெரியாமல் இருக்கப் பாடுபட்டது எனக்குத் தெரிந்தது. செய்தி சபைக்குள் பரவியதும் தனலெட்சுமி நேரே என் மேசைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“ஒங்களுக்கு ஊட்ல டெப்ப தொறந்தா தண்ணி வருதுல்ல மிஸ். அதான்.”

பட்டியலை எடுத்து விரித்து வைத்தேன். எழுத்துக்கள் எல்லாம் கண்ணில் நீந்தின.

4. கடைசிப் பெயர்

இந்தத் தடவை சரியான வரிசை. ஒவ்வொரு பெயருக்கும் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். முன்பு சொன்னதை ஒருவரும் மாற்றவில்லை. திங்கிரிபண்டா கூட, பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டியும், எதிர்ப்பு என்றே சொன்னார். பதினாறு பேர் முடிந்தபோது எட்டுக்கு எட்டு.

மிச்சம் இருந்தது செல்வராஜ் முதலாளி. அவர் நடுநிலை என்று சொன்னால்கூடப் போதும், சமமான வாக்கில் தவிசாளருக்குத் தீர்மானிக்கும் வாக்கு உண்டு, மலை குப்பைக்குப் போய்விடும். இது சபையில் எல்லாருக்கும் தெரியும். ஆறு பெண்களுக்குத் தனலெட்சுமி விரலால் எண்ணிக் காட்டிவிட்டார்.

முதலாளி எழுந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“முன்ன சொன்னதுதான். எதிர்ப்பு.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூட்டறிக்கை எழுதுகிறவள் அழக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை, ஆனால் வெட்கமாகத்தான் இருந்தது. குனிந்து எழுதினேன்.

5. கேட்டுத் தெரிந்துகொண்டது

அன்று மாலை அவர் சான்றிதழ் வாங்க என் மேசைப் பக்கம் வந்தார். கேட்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஏன் முதலாளி அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டே விட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“எனக்கு முன்னாடி ஒரு எட்டுப் பேரு ஆதரவுன்னு சொல்லியிருந்தா, நானும் சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன் மிஸ். பொய் சொல்லல. ஆனா மொத ஆளா நின்னுக்கிட்டு, அந்தப் பொம்பளைங்க மூஞ்சியப் பாத்து, ஒங்க தண்ணியில குப்ப கொட்டட்டும்னு எப்பிடிச் சொல்றது? வாய் வரல.”

சரி, இரண்டாம் தடவை எட்டுப் பேர் சொல்லிவிட்டார்களே, அவர்களுக்குப் பின்னால் நின்றிருக்கலாமே என்றேன்.

“நின்னிருக்கலாம். அதுக்குள்ள நானே ஒரு தடவ சொல்லித் தொலச்சிட்டேனே. எட்டுப் பேரு சொன்னத விட அதுதான் பெரிசாத் தெரிஞ்சுச்சு.”

சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். முப்பத்திரண்டு வருடமாக எத்தனை கைகளை எண்ணி எழுதியிருப்பேன். அவற்றில் எத்தனை கை, அந்த ஆளை முதலில் கூப்பிட்டிருந்தால், மேலே போயிருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன்.

அலுவலகம் பூட்டுகிற நேரத்தில், மண்டபத்தைக் கூட்டிய ஊழியர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து, உங்களுடையதா மிஸ் என்று கேட்டார். நாலாகக் கிழித்து நாற்காலிக்குக் கீழே போட்டிருந்ததாம். மேசையில் வைத்துச் சேர்த்துப் பார்த்தேன். முதல் வாக்கெடுப்பில் நான் கூப்பிட்ட பதினேழு பெயரும் கூப்பிட்ட வரிசையிலேயே இருந்தன. கீழே சிங்களத்தில், வரவுப் புத்தகம் வாசிக்கப்பட்டது, பட்டியல் அல்ல, தீர்மானம் செல்லாது, ஆணையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று எழுதி, அடிக்கோடு போட்டிருந்தது.

யாருக்கும் தெரியாது என்று நினைத்தேனே, என் மடத்தனம். ஒருவர் முதலாவது பெயரிலேயே கவனித்திருக்கிறார். சபையில் வாய் திறக்காமல் பையில் வைத்திருந்து, பெண்கள் எல்லாம் வீடு போன பிறகு பெட்டிசமாக எழுத நினைத்திருக்கிறார். நானே எழும்பிச் சொன்னதால் அந்தக் காகிதம் குப்பையாகிவிட்டது. யார் என்று இன்றுவரை தெரியாது. கையெழுத்து மட்டும் அழகான கையெழுத்து.

சந்தைக் குப்பைக்கு இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அது வேறு கதை. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கூட்டம் தொடங்க முன் வரவுப் புத்தகத்தை மூடி அலுமாரியில் வையுங்கள். அப்படியும் தவறு நடக்கும், ஏனென்றால் நாமும் மனிதர்கள்தான். நடந்தால் கூட்டம் கலைய முன் நீங்களே எழும்பிச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால், சொல்வதற்கு வேறொருவர் எழுதி வைத்திருப்பார்.

அந்தக் காகிதத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு மறுநாள் தனலெட்சுமியிடம் காட்டினேன். சிங்களத்தில் இருந்ததைத் தமிழில் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு தடவை வாசிங்க மிஸ் என்றார்.