பூதம் வெட்டாத ஏரி

காலை 7.20. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் திருச்செங்கோட்டுப் பேருந்தில் ஏறும்போதே எனக்குக் கோபம். முந்தின நாள் ஏரிக்கரை ஊரிலிருந்து செல்லம்மாள் தொலைபேசியில் சொல்லியிருந்தார்: "மதகுக் கல்லு மேல டைல்ஸ் ஒட்டறாங்க சாமி. நாளைக்கு முடிச்சுருவாங்க. வாறதுன்னா உடனே வாங்க."

பதினோரு ஆண்டுகளுக்கு முன் அந்த ஏரி மதகின் கல்வெட்டை நான் படியெடுத்தபோது, குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கல்லைக் கழுவித் தந்தவர் அவர்.

9.05. திருச்செங்கோட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளுக்கிடையே வளைந்து ஓட்டியபடி ஓட்டுநர் கேட்காமலே கதை சொன்னார்.

"பூதம் ஒரே ராத்திரியில வெட்டுன ஏரிங்க. ரெண்டு ஆளப் பலி கேட்டுச்சாம், குடுத்தாங்களாம். அந்தப் பலிக் குடும்பம் இன்னும் இருக்குதுங்க. அவுங்க ஊட்டுல யாரும் பொண்ணு எடுக்க மாட்டாங்க."

"யார் வீடு?"

"செல்லம்மா ஊடுதானுங்க."

கல்வெட்டில் பூதமும் இல்லை, பலியும் இல்லை.

9.40. ஏரிக்கரை. கல்லின் முக்கால் பாகம் மறைந்திருந்தது. ஒட்டிய டைல்ஸில் இரண்டு மனிதர்களை மெல்லும் கோரைப்பல் பூதம். கீழே நன்கொடையாளர் பெயர் தங்க எழுத்தில். கரைக் கோயில் திருப்பணிக் குழுத் தலைவர் சிரித்தபடி வந்தார்.

"வாங்க சார், எப்புடிங்க இருக்குது?"

"கல்லுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"ஆருக்குங்க அதப் படிக்கத் தெரியும்? கதை இருந்தாத்தான் நாலு சனம் வரும்."

எனக்கு முன்பே அங்கு வந்து நின்றிருந்த செல்லம்மாள் என்னைப் பார்த்தார். "என்னதாஞ் சாமி இருக்குது அதுல? அன்னைக்கே கேட்டேன். அப்பறம் சொல்றேன்னீங்க."

சொன்னேன். பதினெட்டுக் கூலியாட்கள் வெட்டிய ஏரி. கொற்றன், நக்கன் என்ற இருவர் மண் சரிந்து இறந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு மதகடி நிலம் விடப்பட்டது.

"பலி இல்லீங்களா? வேலைக்குப் போயிச் செத்தாங்களா?"

"ஆமாம்மா."

"மூணு வருசத்துக்கு முந்தி எம் பொண்ணுக்கு நிச்சயம் பண்ணப்பறம், பலிக் குடும்பம்னு சொல்லிக் கண்ணாலத்த நிறுத்திட்டுப் போனாங்க சாமி. இத ஒரு வார்த்த முன்னயே சொல்லியிருக்கலாமே."

நான் பதில் சொல்வதற்குள் செல்லம்மாள் கொத்தனாரின் கடப்பாரையை எடுத்துவிட்டார். தலைவர் ஓடிவந்தார். நான் அவரை மறித்துக் குறுக்கே நின்றேன். சிமெண்டு இன்னும் ஈரம். மூன்று டைல்ஸ் பெயர்ந்து விழுந்தன. பாதி எழுத்து தெரிந்தது.

"இப்பப் படிங்க. தலைவருக்குக் காது கேக்கற மாதிரி படிங்க."

படித்தேன். மீதி டைல்ஸை ஒட்டச் சொல்லித் தலைவர் அதட்டினார். கொத்தனார் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

1.40. திரும்பும் பேருந்து சங்ககிரியைத் தாண்டியும் கோபம் ஆறவில்லை. கதை முழுப் பொய்யல்ல; இரண்டு சாவுகளை இத்தனை நூற்றாண்டுகள் விடாமல் நினைவில் வைத்திருந்தது. ஆனால் உழைத்தவர்களைப் பூதமாக்கி, செத்தவர்களைப் பலியாக்கி, பிழைத்தவர்கள் தலையில் பழியைக் கட்டியது. ஊராருக்குக் கல்லைப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். படித்ததை ஓர் ஆய்விதழில் அச்சேற்றினேன். பத்துப் பேர் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்த ஊரில் பெண் கேட்டுப் போகும் வேலை இருக்கவில்லை.